வானத்துல பேனர் பறக்குது... அதை இழுத்துட்டுப் போறவரைப் பார்த்திருக்கீங்களா?

2019 உலகக் கோப்பை ஞாபகம் இருக்கா? ஜூலை 6, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கும் ஹெடிங்லி மைதானம். இந்தியா - இலங்கை மேட்ச். அந்தத் தொடரில் ரோஹித் ஷர்மா தன் ஐந்தாவது சதத்தை அடித்த அதே நாள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்கு மேலே ஒரு குட்டி விமானம் வந்தது. அதன் பின்னால் காஷ்மீர் பற்றிய அரசியல் வாசகத்தோடு நீளமா ஒரு பேனர். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வாசகத்தோடு மறுபடியும் ஒரு ரவுண்டு.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, இதே மைதானத்தில் பாகிஸ்தான் - ஆப்கானிஸ்தான் மேட்ச் நடந்தபோதும் இதே கதைதான். அப்போது பலுசிஸ்தான் பற்றிய வாசகம். ஐசிசி கடுப்பானது. இந்தியாவின் அரையிறுதிப் போட்டி நடந்த மைதானத்துக்கு மேலே விமானங்கள் பறக்கத் தடை வந்தது.

அந்த வாரம் முழுக்க ட்விட்டரில் எல்லோரும் சண்டை போட்டது பேனரில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பற்றித்தான். யார் காசு கொடுத்தது, யார் எழுதியது, யாருக்குக் கோபம்... எல்லாம் பேசினோம். ஆனா, அந்த எழுத்துகளுக்கு முன்னால் ஒரு குட்டி கேபினில் தனியா ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாரே, அவரைப் பற்றி யாராவது பேசினோமா?

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

வாக்குப்பதிவு நாள் காலை

பேனர் விமான விபத்துகளிலேயே உலகம் அதிகம் பார்த்த விபத்து 2010 மே 6-ம் தேதி நடந்தது. அன்று பிரிட்டனில் பொதுத்தேர்தல் வாக்குப்பதிவு.

நைஜல் ஃபராஜ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஐரோப்பிய யூனியனை விட்டு பிரிட்டன் வெளியேறணும்னு வருஷக்கணக்கா குரல் கொடுத்தவர். 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பின்னால் இருந்த முக்கியமான முகங்களில் ஒருவர். இன்று 'ரிஃபார்ம் யூகே' கட்சியின் தலைவர். 2010-ல் அவர் யூகிப் கட்சி சார்பில் பக்கிங்ஹாம் தொகுதியில் நின்றார். எதிரே நாடாளுமன்ற சபாநாயகர் ஜான் பெர்கோ. பிரெக்ஸிட் விவாதங்களில் 'ஆர்டர்... ஆர்டர்...' என்று கத்தி மீம் ஆனாரே, அவரேதான். சபாநாயகரை எதிர்த்துப் பெரிய கட்சிகள் நிற்காதது அங்கே ஒரு மரபு. ஃபராஜ் அதை உடைத்துக்கொண்டு களத்தில் இறங்கினார்.

கடைசி நாளில் மக்களின் கண்ணில் படணும். அதுக்காகச் செய்த ஏற்பாடுதான் பேனர் விமானம். 'உங்கள் நாட்டுக்காக ஓட்டுப் போடுங்கள், யூகிப்-க்கு ஓட்டுப் போடுங்கள்' என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம். காலையிலேயே, நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் ஹின்டன்-இன்-தி-ஹெட்ஜஸ் என்ற சின்ன விமானத்தளத்திலிருந்து பயணம். விமானம், போலந்தில் தயாரான 'வில்கா'. போலந்து மொழியில் அந்தப் பெயருக்கு மாங்குயில் என்று அர்த்தம். விமானிக்குப் பக்கத்து சீட்டில் ஃபராஜ்.

பேனர் வானில் விரியவில்லை. விமானத்தின் வாலில் சுற்றிக்கொண்டது.

பட்டம் விட்டவங்களுக்கு இது சட்டுனு புரியும். வால் சிக்கினா பட்டம் என்ன ஆகும்? தலைகுப்புற வரும். விமானத்தின் வாலில் கிடைமட்டமாக இருக்கும் சிறகின் பின்விளிம்பில் அசையக்கூடிய ஒரு பலகை இருக்கும். பெயர் எலிவேட்டர். விமானத்தின் மூக்கு மேலே போகணுமா, கீழே வரணுமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். அந்தப் பகுதியில் துணி சுற்றிக்கொண்டால், விமானியின் கையில் இருக்கும் ஸ்டிக் இருந்தும் இல்லாத கதைதான். விமானம் மூக்கு கவிழ்ந்து தரையில் மோதியது.

நொறுங்கிய விமானத்துக்குப் பக்கத்தில், கோட் சூட்டோடு, முகமெல்லாம் ரத்தமா ஃபராஜ் நிற்கும் புகைப்படம் அன்றே உலகம் முழுக்கப் பரவியது. நெஞ்சு எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலில் காயம். ஆனாலும் பிழைத்தார். விமானியும் பலத்த காயங்களோடு மீட்கப்பட்டார்.

தேர்தலில் ஃபராஜுக்கு மூன்றாம் இடம். ஆனா அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் கட்சித் தலைவர். ஆறு வருஷத்தில் பிரெக்ஸிட். 2024-ல் எம்.பி. அந்த ரத்தக்கறைப் புகைப்படம், அவருடைய 'செத்துப் பிழைத்த' கதையின் ஒரு பகுதி ஆகிவிட்டது.

விமானிக்கு என்ன ஆச்சு? அந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை. விபத்துக்குப் பிறகு மன அழுத்தம், 2011-ல் ஒரு நீதிமன்ற வழக்கு, 2013 டிசம்பரில் மரணம். ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து சீட்டு. ஒருவரின் கதை வரலாறு ஆனது. இன்னொருவரின் கதை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியோடு முடிந்தது.

பறந்துகொண்டே தூண்டில் போடணும்!

சரி, பேனர் எப்படி வாலில் போய்ச் சிக்குது? அதுக்கு இந்த வேலை எப்படி நடக்குதுன்னு தெரியணும்.

பேனரைக் கட்டிக்கொண்டு விமானம் அப்படியே ஓடுபாதையில் கிளம்பும்னுதான் நம்மில் பல பேர் நினைச்சிருப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. தரையில் இழுபட்டால் பேனர் கிழிந்துவிடும். அதனால், விமானம் முதலில் வெறுமனே கிளம்பும். புல்தரையில் பேனர் நீட்டிப் படுக்க வைக்கப்பட்டிருக்கும். அதன் கயிற்றின் முனையில் ஒரு பெரிய வளையம். இரண்டு கம்பங்களை நட்டு, நடுவில் துணி காயப்போடும் கொடி மாதிரி அந்த வளையத்தைத் தொங்கவிட்டிருப்பார்கள்.

மேலே போன விமானி, ஒரு கொக்கியை வெளியே எறிவார். அதன் கயிறு விமானத்தின் வாலோடு இணைக்கப்பட்டிருக்கும். பிறகு அந்தக் கம்பங்களை நோக்கித் தாழ்வாக இறங்கி வருவார். கம்பங்களைத் தாண்டும் அந்த நொடியில், இன்ஜினுக்கு முழு சக்தி கொடுத்து மூக்கைச் செங்குத்தாகத் தூக்குவார். பின்னால் தொங்கும் கொக்கி வளையத்தைக் கவ்வணும். பாயைத் தரையிலிருந்து உரித்து எடுப்பது மாதிரி, பேனர் எழுத்து எழுத்தாகத் தரையை விட்டு எழும்பும். கவ்வலைன்னா? இன்னொரு சுற்று வந்து மறுபடியும் அதே சாகசம்.

பறந்துகொண்டே தூண்டில் போடுவதுதான் இது. கரணம் தப்பினால் மரணம்னு சொல்வோமே, அது இங்கே உவமை இல்லை.

இதில் தப்பு நடக்கக்கூடிய இடங்களை எண்ணிப் பாருங்க. எறிந்த கொக்கி சக்கரத்திலோ வாலிலோ மாட்டலாம். கொக்கியோ சக்கரமோ கம்பத்தில் இடிக்கலாம். பேனர் சுருண்டு வாலைச் சுற்றலாம். மூக்கைத் தேவைக்கு மேல் தூக்கிவிட்டால், விமானம் 'ஸ்டால்' ஆகலாம். இவை எல்லாமே நடப்பது, யோசிக்கக்கூட நேரம் தராத உயரத்தில்.

ஸ்டால்னா இன்ஜின் ஆஃப் ஆகுறது இல்லை

பைக் ஓட்டுறவங்களுக்கு 'ஸ்டால்'னா இன்ஜின் நின்னுபோறது. விமானத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற. இன்ஜின் முழு சக்தியோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானம் ஸ்டால் ஆகலாம்.

ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியா கையை நீட்டி, உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் காற்று கையை மேலே தூக்கும் இல்லையா? (செய்து பார்க்காதீங்க, கற்பனை போதும்.) இன்னும் கொஞ்சம் சாய்த்தால் இன்னும் தூக்கும். ஆனா ஒரு கட்டத்துக்கு மேல் சாய்த்தால், தூக்குவதை விட்டுவிட்டுப் பின்னால் தள்ள ஆரம்பிக்கும். விமானத்தின் சிறகுக்கும் அதே கணக்குதான். மூக்கு ரொம்ப மேலே போய், காற்று சிறகை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டால், தூக்கும் விசை சடாரெனக் குறையும். அதுதான் ஸ்டால்.

இதிலிருந்து மீள ஒரே வழி, மூக்கைக் கீழே இறக்கி மறுபடியும் வேகம் பிடிப்பது. அதுக்கு உயரம் வேணும். மூவாயிரம் அடியில் நடந்தால் விமானிக்கு அது பயிற்சி வகுப்பில் செய்து பழகிய பாடம். பேனரைக் கவ்விய மறுநொடி நடந்தால், கீழே காத்திருப்பது தரை.

கவ்வியாச்சு, பேனர் விரிஞ்சாச்சு. இனி நிம்மதியா? அதுவும் இல்லை. கிளைடரைக் கயிறு கட்டி இழுக்கும் விமானங்கள் உண்டு. கிளைடருக்காவது சிறகு உண்டு, தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும். பேனருக்கு என்ன உண்டு? ஆளுயர எழுத்துகள், வலை, துணி, முன்பக்கத்தை நிமிர்த்திப் பிடிக்க ஒரு கம்பம். மொத்தமும் காற்றை எதிர்க்கும் சுமை. விமானம் திறந்த பாராசூட்டை இழுத்துக்கொண்டு போகிற மாதிரிதான். இன்ஜின் கடுமையாக உழைக்கும், வேகமோ குறைவு. வேகம் குறைந்தால், இன்ஜினைக் குளிர்விக்க வரும் காற்றும் குறைவு. முதல் கியரில் மலை ஏறும் பழைய வண்டியை நினைச்சுக்கோங்க.

வாசகம் படிக்கிற மாதிரி இருக்கணும் என்பதால் உயரமும் குறைவு. கடற்கரைகளில் ஏறக்குறைய ஆயிரம் அடி, சில இடங்களில் அதற்கும் கீழே. அந்த உயரத்தில் இன்ஜின் நின்றால், சிறிய விமானம் தரையைத் தொட ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். பேனரை உடனே கழற்றிவிடாவிட்டால் அதுவும் இல்லை. கீழே ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அடுக்குமாடிகள், நடுவில் மணலில் குழந்தைகள்.

2019 மார்ச் 1-ம் தேதி அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரையில், பேனர் நிறுவனம் ஒன்றின் விமானம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரில் மோதியது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். விமானி இறந்தார். 2023 மே மாதம், அதே ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகரில் இன்னொரு பேனர் விமானம் விழுந்தது. அதிலும் இறந்தது விமானிதான். முதலில் விழுந்தது பைப்பர் பானி ரக விமானம். வயல்களுக்கு மருந்து தெளிக்கறதுக்காக வடிவமைக்கப்பட்டது. அந்த ரகத்தின் உற்பத்தி 1980-களின் தொடக்கத்திலேயே நின்றுபோனது. இன்றைக்கு அதை ஓட்டும் விமானிகள் பலருக்கு, விமானத்தின் வயதில் பாதிகூட இருக்காது.

250-க்கும் 1,500-க்கும் நடுவில்

இவ்வளவு ஆபத்துன்னா, இந்த வேலைக்கு யார் வர்றாங்க?

இங்கேதான் உங்களுக்கும் எனக்கும் நல்லா தெரிந்த ஒரு கதை வருது. 'அனுபவம் இல்லாம வேலை இல்லை, வேலை இல்லாம அனுபவம் இல்லை!'

அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டும் கமர்ஷியல் லைசென்ஸுக்கு வழக்கமாக 250 மணி நேரப் பறப்பு அனுபவம் வேணும். ஆனா விமான நிறுவனத்தில், பயணிகள் விமானத்தின் துணை விமானி சீட்டில் உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் கேட்கிறார்கள். ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும், குறிப்பிட்ட கல்லூரிப் படிப்பு முடித்தவர்களுக்கும் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. இந்தியாவில் இந்த நிலை இல்லை. இங்கே கமர்ஷியல் லைசென்ஸுக்கே 200 மணி நேரம்தான். குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சியையும் முடித்தவர் துணை விமானியாகச் சேரலாம்.

அமெரிக்காவில் மட்டும் ஏன் 1,500? 2009 பிப்ரவரி 12-ம் தேதி, நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேர், வீட்டில் இருந்த ஒருவர் என 50 பேர் பலி. காரணம், விமானம் ஸ்டால் ஆனதும், அதை விமானி தவறாகக் கையாண்டதும். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. 2013-ல் 1,500 மணி நேர விதி அமலானது. இதில் ஒரு முரண் என்னன்னா, அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள்.

விதியின் நோக்கம் நல்லதுதான். ஆனா அது ஒரு பெரிய இடைவெளியையும் உருவாக்கியது. 250 முதல் 1,500 வரை, அந்த 1,250 மணி நேரத்தை ஓர் இளைஞர் எங்கே சம்பாதிப்பார்? விமானப் பயிற்சியே பெரும் கடன். சொந்தக் காசில் பறந்தால் கட்டுப்படியாகாது. சிலர் பயிற்சியாளர் ஆகிறார்கள். சிலர் பாராசூட் வீரர்களை ஏற்றிச் செல்கிறார்கள். சிலர் கோடைக்காலம் முழுக்கக் கடற்கரைகளில் பேனர் இழுக்கிறார்கள். நம்ம ஊர்ல 'எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்கும்ல' என்று சொல்லி இன்டர்ன்ஷிப்புக்கு அழைப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். சம்பளத்தைவிட, லாக் புக்கில் ஏறும் மணி நேரம்தான் உண்மையான கூலி.

பயணிகளைக் காப்பாற்ற வந்த விதி, அனுபவம் குறைந்த விமானிகளில் சிலரை அனுபவம் அதிகம் தேவைப்படும் ஒரு வேலைக்கு அனுப்பி வைக்கிறது. தாழ்வான உயரம், குறைந்த வேகம், ஸ்டாலின் விளிம்பு. கைதேர்ந்தவர்களே யோசிக்கும் இந்த வேலையில், படிக்கட்டின் முதல் படியில் நிற்பவர்கள்தான் நிறைய பேர்.

இளைஞர்களாலும் முடியும்... சொல்லிக் கொடுத்தால்!

அதுக்காக 'சின்னப் பசங்க, தெரியாம ஓட்டுறாங்க'ன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. 2021 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்ததைக் கேளுங்க.

ஓஷன் சிட்டி கடற்கரை. பேனர் இழுத்துக்கொண்டிருந்த விமானத்தின் இன்ஜினில் கோளாறு. விமானிக்கு வயது 18. நம்ம ஊரில் கல்லூரி முதல் வருஷம். அவர் பேனரைக் கடலில் கழற்றிவிட்டார். பக்கத்து விமானநிலையம் வரை போக முடியாது என்று புரிந்ததும், கடலோரப் பாலத்துச் சாலையில் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து விமானத்தை இறக்கினார். ஒருத்தருக்கும் காயம் இல்லை.

கொடுத்த காசுக்கான பேனர், கடலில் விழுந்தால் நிறுவனத்துக்கு நஷ்டம், முதலாளி திட்டுவார் என்றெல்லாம் அவர் தயங்கியிருந்தால், பாலம் வரை வந்திருக்கவே முடியாது. பேனர் விமானிக்குச் சொல்லித் தரவேண்டிய பாடங்களில் முக்கியமானது இது: 'சந்தேகம் வந்தால் முதலில் பேனரை விடு.'

இந்தத் தொழிலைப் பாதுகாப்பாக்க ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. பேனரை விடுவிக்கும் லிவர் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் சோதிப்பது. கயிற்றையும் வளையத்தையும் சரியாக விரிக்கத் தெரிந்த தரைக்குழு. இத்தனை முறைக்கு மேல் கவ்வவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும் என்ற கறாரான வரம்பு. காற்று பலமாக இருந்தால் 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்ல விமானிக்கு உரிமை, அப்படிச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதி. அமெரிக்காவில் பேனர் இழுக்க, விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ-விடம் தனி அனுமதி வாங்கணும். அதாவது, விதிகள் இல்லாமல் இல்லை. ஆனா காகிதத்தில் இருக்கும் விதியை, பரபரப்பான கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில், அடுத்தடுத்து ஆர்டர் காத்திருக்கும்போது, யார் கடைப்பிடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தடை போட்டது யாருக்காக?

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க.

2019-ல் கிரிக்கெட் மைதானத்தின் மேல் தடை வந்தது, வாசகம் அரசியல் என்பதால். 2020 ஜூனில், மான்செஸ்டர் சிட்டி - பர்ன்லி கால்பந்துப் போட்டியின்போது இனவெறிச் சர்ச்சையைக் கிளப்பிய ஒரு பேனர் பறந்தது. அதன் பிறகு பிளாக்பூல் விமானநிலையம், தன் இடத்திலிருந்து பேனர் விமானங்கள் கிளம்புவதை நிறுத்தியது. அதுவும் வாசகத்துக்காக. அமெரிக்காவில், பெரிய போட்டிகளின்போது ஸ்டேடியங்களுக்கு மேல் தாழ்வாகப் பறக்கத் தடை. அது செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக்காக. ஹவாயின் ஹோனலூலு நகரத்திலும் வான் விளம்பரங்களுக்குத் தடை. அது கடற்கரையின் அழகுக்காக.

அரசியல், பாதுகாப்பு, அழகு. எல்லாமே நியாயமான காரணங்களாகவே இருக்கட்டும். ஆனா உலகம் பேசிய இந்தத் தடைகளில் ஒன்றுகூட, 'விமானி செத்துப்போகிறாரே' என்பதற்காக வந்ததில்லை.

ஏன்னா, ஒரு பேனர் விமானம் விழுந்தால் பெரும்பாலும் இறப்பது ஒரே ஒருவர். ஐம்பது பேர் இறந்தால் குடும்பங்கள் சேர்ந்து போராடி, சட்டம் வரும். ஒருவர் இறந்தால் ஒருநாள் செய்தி. அடுத்த வாரம் அதே கடற்கரையில் அதே மாதிரி விமானம், அதே பீர் விளம்பரம்.

'அப்போ இதைத் தடை பண்ணிடலாமா?' என்று கேட்டால், சட்டென ஆமாம்னு சொல்ல முடியலை. அந்த 1,250 மணி நேரத்துக்கு வழி தேடும் இளைஞருக்கு இது பிழைப்பு. தடை செய்தால் அவர் இன்னொரு ஆபத்தான வேலைக்குத்தான் போவார். செய்யவேண்டியது வேற. பேனருக்குக் காசு கொடுப்பவர்கள், 'விலை என்ன?' என்பதோடு சேர்த்து, 'உங்க விமானிக்கு இந்த வேலையில் எத்தனை மணி நேரப் பயிற்சி, விமானத்துக்குக் கடைசியா எப்போ சர்வீஸ்?' என்றும் கேட்கணும். பதில் இல்லாத நிறுவனத்துக்கு ஆர்டர் இல்லை. கேட்கிறவர்கள் கையில்தான் காசு இருக்கிறது என்பதால், இது நடக்கக்கூடிய காரியம்தான்.

நாம? பேனர் விமானத்தோட உண்மையான ஸ்டேடியம் நம்ம மொபைல்தான். 2017-ல் ஆர்சனல் ரசிகர்கள் 'வெங்கரே வெளியேறு' என்று ஒரு பேனரையும், அதே மேட்சில் இன்னொரு தரப்பு அவருக்கு ஆதரவா இன்னொரு பேனரையும் பறக்கவிட்டார்கள். மைதானத்தில் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்தவர்கள் உலகம் முழுக்க. நாம ஃபார்வர்டு பண்ணுவோம் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கொக்கி வீசப்படுகிறது.

அடுத்த தடவை ஏதோ ஒரு மேட்ச்சில், ஏதோ ஒரு ரீல்ஸில் பேனர் பறந்தால், எழுத்தைப் படிச்சிட்டு சிரிங்க, திட்டுங்க, ஷேர் பண்ணுங்க. ஆனா அந்தக் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டே கண்ணை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு போங்க. அங்கே ஒருத்தர், ஒரு கை லிவர் பக்கத்திலும் ஒரு கண் இன்ஜின் வெப்பமானியிலுமா, இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கின்னு கணக்குப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.